சாட்ஸ்வொர்த்தின் வாக்கு யாருடைய கணக்கில் சேருகிறது?

வெஸ்ட்கிளிஃப்காரன் எழுதியது:

சென்ற வாரம் இங்கே ஒருவர், "சாட்ஸ்வொர்த்தின் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் யார்?" என்று கேட்டிருந்தார். நான்கு பேர் நான்கு பெயர்களைச் சொன்னார்கள். நான்கும் தவறு, ஏனென்றால் 1994 முதல், டர்பனில் இந்தியர் பெருமளவில் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த்துக்கென்று ஓர் உறுப்பினரே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணச் சட்டமன்றத்தின் 80 இடங்களும், மாகாணம் முழுவதும் விழும் வாக்குகளைக் கட்சிவாரியாகக் கூட்டி, ஒவ்வொரு கட்சியும் முன்கூட்டியே கொடுத்துவிட்ட பட்டியலின்படி பங்கிடப்படுகின்றன. எனக்குப் பிடித்த கட்சி எது என்று நான் குறியிடலாம். என் ஊருக்கு இவர் வேண்டும் என்று குறியிட அந்தச் சீட்டில் இடமில்லை. தொகுதி முறை வரவேண்டும் என்பது என் வாதம். அதை ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், அது இல்லாததன் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. சமையற்கட்டுச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. என் மனைவி அதில் பழைய கோணிச் சாக்கைத் திணித்து வைத்திருந்தாள். வார்டு கவுன்சிலர் வந்து, மழையில் நின்று, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனால் வீட்டுவசதிக்கான பணம் மாகாணத்திடமிருந்து வரவேண்டும் என்றார். அதனால் ஒரு கட்சி தன் சட்டமன்ற உறுப்பினருக்கென்று திறந்திருந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எங்கள் பகுதி அந்த உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்டதல்ல என்று சொல்லி, டர்பனில் இன்னொரு முகவரியை எழுதிக் கொடுத்தார். அந்த முகவரியில் கதவு பூட்டியிருந்தது. யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் போவதைவிட, கேட்டு மறுக்கப்படுவது மேல்.

டொங்காட் டீச்சர் எழுதியது:

வணக்கம் அண்ணா. உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. அதே வெள்ளத்தில் எங்கள் டொங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். ஆனாலும் தொகுதி முறைதான் மருந்து என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் சாட்ஸ்வொர்த்துக்குத் தொகுதிகள் இருந்த காலம் ஒன்று உண்டு, அதை நாம் மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

1984 ஆகஸ்ட் 28 அன்று, மூன்று அவை நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பிரதிநிதிகள் அவைக்குத் தேர்தல் நடந்தது. 40 பேர் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அரீனா பார்க் தொகுதியில் அமிச்சந்த் ராஜ்பன்சி உறுப்பினரானார். அப்போது நான் பணியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு; எங்கள் பள்ளிக்கூட மண்டபமே வாக்குச்சாவடி. முதல் நாள் மாலை பெஞ்சுகளை ஒதுக்கிவைத்தது நாங்கள்தான். மறுநாள் வாசலில் எங்கள் மாணவர்களே அட்டை பிடித்து நின்றார்கள், எதிரே போலீஸ் நாய்களோடு நின்றது, உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி பாதி நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பதிவு செய்திருந்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் அன்று வாக்களித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், அரசு அமைத்த ஆலோசனை அமைப்பான தென்னாப்பிரிக்க இந்தியர் மன்றத்துக்கு நடந்த தேர்தலில் பத்தில் ஒருவர்தான் போனார்கள். மக்கள் சோம்பேறித்தனத்தால் வீட்டில் இருக்கவில்லை. 178 வெள்ளையர், 85 கலப்பினத்தவர், 45 இந்தியர் என்று அவைகளைப் பிரித்து, பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு ஓர் இடமும் கொடுக்காமல் கட்டிய அந்த ஏற்பாட்டில், தொகுதி என்ற சொல்லைக் காட்டி நம்மை உள்ளே அழைத்தார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது.

அதற்கு முந்தைய கதையையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது வெறும் பழங்கதை அல்ல. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளில் சிலருக்கு நேட்டாலில் வாக்குரிமை இருந்தது. அதைப் பறிக்க மசோதா வந்தபோதுதான் 1894இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு லண்டனுக்குப் போனது, நேட்டால் இந்தியக் காங்கிரசும் பிறந்தது. ஆனாலும் 1896இல் சட்டம் நிறைவேறியது. அதில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு வாக்கு கிடையாது என்று எழுதினார்கள், அவ்வளவுதான். 1924இல் நகராட்சி வாக்கும் போனது. 1946இல் நிலம் வாங்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தோடு சேர்த்து, நாடாளுமன்றத்தில் நமக்காகப் பேச மூன்று வெள்ளையரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு சலுகையையும் நீட்டினார்கள். நம் தாத்தாமார் அதை வாங்கவில்லை, சிறைக்குப் போனார்கள்.

இப்போது 1994க்கு வருகிறேன். மாகாணத்தில் அப்போது 81 இடங்கள். ராஜ்பன்சி தொடங்கிய மைனாரிட்டி ஃப்ரண்ட் ஏறத்தாழ 49,000 வாக்கு, அதாவது 1.3 சதவீதம் வாங்கி, ஓர் இடம் பெற்றது. அந்தக் கட்சியை நான் ஆதரித்ததில்லை. ஆனால் அந்த 49,000 பேரும் சாட்ஸ்வொர்த்தில் மட்டும் இருந்தவர்கள் அல்லர். லேடிஸ்மித்தில் பத்து வீடு, போர்ட் ஷெப்ஸ்டனில் இருபது வீடு, ஸ்டாங்கரில் ஒரு தெரு என்று சிதறியிருப்பவர்களின் வாக்கும் சேர்ந்துதான் அந்த ஓர் இடம் ஆனது. தொகுதி முறை என்றால் லேடிஸ்மித்தில் இருக்கும் என் தங்கையின் வாக்கு எண்ணப்படும், பிறகு குப்பைக்குப் போகும். சாட்ஸ்வொர்த்துக்கு முகவரி கிடைப்பதற்காக அவள் வாக்கை இழக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

வெஸ்ட்கிளிஃப்காரன் எழுதியது:

டீச்சரம்மா, 1984ஐ நான் நியாயப்படுத்துவேன் என்று நீங்கள் நினைத்திருந்தால், என்னைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். அன்று எங்கள் வீட்டிலும் யாரும் வாக்களிக்கப் போகவில்லை. கெட்டவன் கையில் இருந்த கத்தி என்பதற்காக நாம் கத்தியே வேண்டாம் என்று சொல்வதில்லை. அன்று தவறாக இருந்தது இனவாரி அவை, தொகுதி அல்ல.

என் அப்பா, டர்பன் மாநகராட்சி இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர், டர்பன் மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். அறுபதுகளில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் பாரக்ஸைக் காலி செய்து, தெருத் தெருவாக லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இடத்துக்குப் பெயர்கூட அப்போது பழக்கத்தில் இல்லை. யூனிட் 2, யூனிட் 3 என்று எண்தான். 1994 ஏப்ரல் 27 அன்று அவருக்கு அறுபத்தெட்டு வயது, அதுதான் அவருடைய முதல் வாக்கு. வரிசையில் நான்கு மணி நேரம் நின்றோம். கையில் கண்ணுக்குத் தெரியாத மையைத் தெளித்து ஊதா விளக்கின் கீழ் காட்டச் சொன்னார்கள். ஒன்று நாட்டுக்கு, ஒன்று மாகாணத்துக்கு என்று இரண்டு சீட்டுகள். கடைசி வாரத்தில்தான் சூலு மக்களிடையே வலுவான இன்காதா கட்சி தேர்தலுக்கு வர ஒப்புக்கொண்டதால், சீட்டின் அடியில் அதன் பெயரைத் தனியாக ஒரு பட்டையில் ஒட்டியிருந்தார்கள். அப்பா அந்தப் பட்டையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம யூனிட்டுக்கு நிற்கிறவர் பெயர் எங்கே?" என்று என்னைக் கேட்டார். பெயர்கள் இல்லை, கட்சிகள்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, குறியிட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1994இல் நம் பகுதிகளில் பெருமளவு வாக்கு தேசியக் கட்சிக்குப் போனது. ஒரு காலத்தில் நம்மை லாரியில் ஏற்றிய அதே கட்சிக்கு. 1999இல் மைனாரிட்டி ஃப்ரண்ட் ஏறத்தாழ 3 சதவீதத்தோடு இரண்டு இடம். 2004இலும் 2009இலும் இரண்டு. 2011 டிசம்பரில் ராஜ்பன்சி காலமானார், கட்சிக்குள் தலைமைச் சண்டை, 2014இல் 1 சதவீதத்தோடு ஓர் இடம், 2019இல் அரைச் சதவீதம், ஒரு முழு இடத்துக்குத் தேவையானதில் பாதிகூட இல்லாமல், மீதி வாக்குக் கணக்கில் ஓர் இடம், 2024இல் ஒன்றுமில்லை. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் சாட்ஸ்வொர்த் மக்கள் ஒருவரைப் பார்த்து, "நீ எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, அடுத்த முறை உனக்கு இல்லை" என்று சொல்ல முடிந்ததா? பட்டியலில் முதல் பெயர் யார் என்பதைக் கட்சி அலுவலகம் முடிவுசெய்தது. 2003இல் மாகாணச் சட்டமன்றங்களிலும் கட்சி தாவ அனுமதி வந்தபோது, உறுப்பினர்கள் இருக்கையைக் கையோடு எடுத்துக்கொண்டு வேறு கட்சிக்குப் போனார்கள். 2009இல்தான் அது ஒழிந்தது. அந்த இருக்கை எந்த ஊருக்கும் சொந்தமாக இல்லாததால், தட்டிக்கேட்க எந்த ஊருக்கும் உரிமை இல்லாமல் போனது.

இன்னொன்று, வெறும் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல் மக்கள். 80ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 28 ஆயிரம் பேர். சாட்ஸ்வொர்த்தில் மட்டும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தோம். தொகுதி முறையில் நமக்கு ஒன்றரை இடம் வரவேண்டியது. இன்று நமக்கென்று ஒன்றும் இல்லை.

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

இரண்டு பேரும் மூத்தவர்கள், உங்கள் முன் பேசத் தயக்கம்தான். ஆனால் நீங்கள் இருவருமே விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. இந்த மாகாணத்தில் ஒற்றை இடத்துக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை வரலாறு மூன்று முறை காட்டியிருக்கிறது. 1999இல் நாட்டை ஆண்ட ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கு, அதாவது ஏஎன்சிக்கு, நாடாளுமன்றத்தில் 266 இடம் கிடைத்தது, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றை மைனாரிட்டி ஃப்ரண்டின் ஒற்றை உறுப்பினர் கொடுத்தார், 267 ஆனது. 2004இல் நம் மாகாணத்தில் ஏஎன்சிக்கு 38. மைனாரிட்டி ஃப்ரண்டின் இரண்டும் சேர்ந்தால் சரிபாதி 40. 2024இல் ஜேக்கப் சூமாவின் எம்கே கட்சி 37 இடத்தோடு முதலில் வந்தும், இன்காதாவின் 15, ஏஎன்சியின் 14, டெமாக்ரட்டிக் அலையன்ஸின் 11 சேர்ந்து 40. என்எஃப்பி என்ற சிறு கட்சியின் ஒரே ஓர் உறுப்பினர் வந்ததால்தான் 41 ஆகி இன்காதாவின் தாமி என்டுலி மாகாண முதல்வரானார்.

இப்படி எடையுள்ள இடம் நம் கையில் இருந்தபோது நமக்குக் கிடைத்தது என்ன? ராஜ்பன்சி மாகாண அமைச்சரானார், விளையாட்டும் பொழுதுபோக்கும் அவர் துறை. வீட்டுவசதி அல்ல, பள்ளிக்கூடம் அல்ல. எண்களைக் கொண்டு பேரம் பேசத் தெரிந்தது, எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அதைத் தொகுதி முறை எப்படித் திருத்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் பெருமளவில் வாழும் எங்கள் ஃபீனிக்ஸில் நடந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. உயிர்கள் போயின, அண்டை அயலாரான இந்தியரும் கறுப்பினத்தவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசும் நிலை வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த நகராட்சித் தேர்தலுக்கு எங்கள் தெருக்களின் கம்பங்களில் ஒரு கட்சி விளம்பரம் தொங்கவிட்டது. ஏஎன்சி உங்களை இனவெறியர் என்கிறது, நாங்கள் உங்களை வீரர்கள் என்கிறோம் என்ற பொருளில் இருந்தது அது. பிறகு எதிர்ப்பு வந்து கழற்றினார்கள். வார்டு என்ற சிறிய கோட்டுக்குள்ளேயே இப்படி வாக்குக் கேட்டார்கள் என்றால், ஃபீனிக்ஸ் ஒரு தொகுதி, கறுப்பின மக்கள் வாழும் பக்கத்து இனான்டா இன்னொரு தொகுதி என்று கோடு போட்டால் என்ன பேச்சு பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மாகாணம் முழுவதும் ஒரே கணக்கு என்றால், கட்சிகள் இனான்டாவிலும் வாக்குக் கேட்டாகவேண்டும், நாக்கை அடக்கியாகவேண்டும்.

மாரிட்ஸ்பர்க்வாசி எழுதியது:

சட்டப் பக்கத்தில் ஒரு சிறு தகவல் மட்டும். பட்டியலா தொகுதியா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதில்லை. தேர்தல் முறையை ஆராய வான் சில் ஸ்லாபர்ட் தலைமையில் அமைந்த குழு 2003இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு நடுவழியைப் பரிந்துரைத்தது. 69 பெரிய தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஏழு உறுப்பினர்கள், மொத்தம் 300. மீதி 100 இடங்கள் நாடு முழுவதுமான பட்டியலிலிருந்து, விகிதம் கெடாதபடி நிரப்பப்படும். அரசு அதைக் கிடப்பில் போட்டது. பிறகு 2020 ஜூனில், கட்சியில் சேராமல் தனியாக நிற்பவருக்கும் வழி இருக்கவேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் சுயேச்சைகள் நின்றார்கள், வாக்காளர் கைக்கு மூன்று வாக்குச்சீட்டுகள் வந்தன, ஒரு சுயேச்சையும் வெல்லவில்லை. மாகாணமே ஒரு தொகுதி என்று இருக்கும்வரை, ஒரு தனி மனிதர் மாகாணம் முழுவதும் பல்லாயிரம் வாக்குத் திரட்டவேண்டும். பட்டியல் வைத்திருக்கும் கட்சிக்குத்தான் அது முடியும். ஸ்லாபர்ட் குழுவின் வழியை நம் மாகாணத்துக்குப் பொருத்தினால், டீச்சர் சொன்ன தங்கையின் வாக்கும் வீணாகாது, வெஸ்ட்கிளிஃப் ஐயா கேட்ட முகவரியும் கிடைக்கும்.

டொங்காட் டீச்சர் எழுதியது:

மாரிட்ஸ்பர்க் நண்பர் சொன்ன வழி, இதுவரை கேட்டவற்றுள் எனக்கு நெருக்கமானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் அச்சத்தை அதுவும் தீர்க்கவில்லை. கோடு போடுவது யார், எங்கே என்பதுதான் மிச்சம். சாட்ஸ்வொர்த்தின் எல்லை இயற்கையாக வந்ததல்ல. வடக்கே உம்லாட்டுசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு. இந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவே, ஒரு பக்கம் வெள்ளையர் பகுதியும் மறு பக்கம் உம்லாசியின் கறுப்பின மக்களும் இருக்க, இடையில் நம்மைச் சுவர்போல நிறுத்தினார்கள். அண்ணா கேட்கும் தொகுதி அதே இரண்டு ஆற்றையும் எல்லையாகக் கொண்டால், குழுப் பகுதிச் சட்டம் போட்ட கோட்டை நாமே விரும்பி இன்னொரு முறை போடுகிறோம். அண்ணா, நேராகக் கேட்கிறேன். வரைபடத்தையும் பென்சிலையும் உங்கள் கையில் கொடுத்தால், எங்கே கோடு போடுவீர்கள்?

வெஸ்ட்கிளிஃப்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பி சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஒன்றரை இடம் வரும் என்று கணக்குப் போட்டபோது, நம்மவர் ஒருவர் உட்காருவார் என்ற ஆசை என் மனத்திலும் இருந்தது உண்மை. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் வெள்ளத்தன்று நடந்ததை மறுபடி நினைத்துப் பார்த்தேன். எங்கள் மண்மேடு சரிந்தபோது முதலில் மண்வெட்டியோடு வந்தவர்கள், பள்ளத்தில் தகர வீடுகளில் இருப்பவர்கள். அவர்களில் மூன்று பேருடைய வீடு அன்றிரவே ஆற்றோடு போயிருந்தது. அவர்களுடைய மனுவும் என்னுடைய மனுவும் ஒரே அலுவலகத்தில், ஒரே கோப்பில், ஒரே மாதிரி பதிலில்லாமல் கிடந்தன. அதனால் என் பென்சில் ஆற்றில் நிற்காது. தகர வீடுகள் உள்ள பாட்டில்பிரஷும் கிராஸ்மூரும் எப்படியும் உள்ளேதான். மேற்கே வெல்பெடாக்ட், தெற்கே ஆற்றைத் தாண்டி உம்லாசியின் இந்தப் பக்கத்துப் பிரிவுகள், வடக்கே குவீன்ஸ்பர்க், எல்லாம் சேர்ந்து ஒரு தொகுதி. நண்பர் சொன்ன கணக்கில் அதற்கு நான்கோ ஐந்தோ உறுப்பினர்கள் வருவார்கள். அவர்கள் யாருடைய பிள்ளைகளாக இருந்தாலும் சரி, பெயர் சீட்டில் இருக்கவேண்டும், அலுவலகம் இந்த எல்லைக்குள் இருக்கவேண்டும்.

டொங்காட் டீச்சர் எழுதியது:

அப்படி வரைந்தால் அந்த ஐந்து பேரில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ஒருவரும் இல்லாமல் போகலாம், அண்ணா. அதற்கும் சம்மதமா?

வெஸ்ட்கிளிஃப்காரன் எழுதியது:

சம்மதம், அம்மா. என் சுவரை வந்து பார்க்கவேண்டியவர் எந்த மொழியில் பேசினாலும், வெடிப்பில் அவர் கையை நுழைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார். சென்ற ஆண்டு சிமெண்ட் வாங்கி நானே பூசினேன்; இந்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடியும் கோடு விட்டிருக்கிறது. தொகுதி எல்லை பற்றி அரசு மக்கள் கருத்துக் கேட்டால், மேலே எழுதியதை அப்படியே எழுதி அனுப்பப்போகிறேன். உங்கள் தங்கையின் வாக்கு வீணாகக் கூடாது என்பதையும் அதில் சேர்க்கிறேன். அந்தப் பத்தியை மட்டும் நீங்கள் எழுதித் தாருங்கள்.